முகத்துக்கு ஃபில்லர்: சேலத்தில் என்னிடம் கேட்கும் கேள்விகள்

சேலத்தில் தோல் மருத்துவராக இருக்கிறேன். முகத்தில் ஊசி என்றால் சினிமாக்காரர்கள் சமாச்சாரம் என்று ஒரு காலத்தில் ஒதுக்கியவர்கள், இப்போது அஸ்தம்பட்டியிலிருந்தும் அம்மாபேட்டையிலிருந்தும் ஓமலூரிலிருந்தும் வந்து உட்கார்ந்து, "ஃபில்லர் போட எவ்வளவுங்க டாக்டர்?" என்றுதான் பேச்சையே தொடங்குகிறார்கள். விலை கடைசியில் வரட்டும். அதற்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டியது நிறைய இருக்கிறது. தினமும் அதையே சொல்லித் தொண்டை கட்டுவதால் எழுதியே வைத்துவிட்டேன். கேள்விகள் பெரும்பாலும் கேட்டவர்கள் வாக்கிலேயே இருக்கின்றன.

ஃபில்லரும் போட்டாக்ஸும் ஒன்றுதானே?

இரண்டும் ஊசி. ஒற்றுமை அதோடு முடிந்தது. போட்டாக்ஸ் தசையைத் தளர்த்தும் மருந்து. முறைத்தால் புருவத்துக்கு நடுவில் விழும் கோடு, நெற்றியைச் சுருக்கினால் விழும் கோடு, இவற்றுக்கு அது. போட்ட அன்று ஒன்றும் தெரியாது. சில நாள் கழித்து மெல்லப் பிடிக்கும், மூன்று நான்கு மாதத்தில் விட்டுவிடும்.

ஃபில்லர் ஒரு ஜெல். வற்றிய இடத்தை நிரப்புவது அதன் வேலை. ஒட்டிய கன்னம், மூக்கோரத்திலிருந்து வாய் வரை இறங்கும் சிரிப்புக் கோடு, மெலிந்த உதடு, உள்வாங்கிய மோவாய், இப்படி. போட்ட உடனேயே கண்ணாடியில் தெரிந்துவிடும்.

குழியை நிரப்பும் ஆசை பழையது. 1893லேயே நோய்பர் என்ற ஜெர்மன் மருத்துவர் கையிலிருந்து கொழுப்பை எடுத்து முகத்துத் தழும்பில் வைத்தார். பிறகு சிலர் பாரஃபின் மெழுகை உருக்கி ஏற்றினார்கள். அது உள்ளே கட்டி கட்டியாகிப் பலரின் முகத்தைக் கெடுத்தது. 1981இல் மாட்டுக் கொலாஜனுக்கு (தோலுக்கு உறுதி தரும் புரதம் அது) அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதைப் போடுவதற்கு முன் கையில் ஒவ்வாமைச் சோதனை செய்துவிட்டு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இன்று நாங்கள் அதிகம் போடும் ஹயலுரானிக் அமில ஜெல் ஐரோப்பாவில் 1996இலும் அமெரிக்காவில் 2003இலும் வந்தது.

நாங்கள் சைவம்ங்க. இதில் மாட்டுக் கொழுப்பு, கோழி ஏதாவது கலந்திருக்குமா?

சிரிக்க வேண்டிய கேள்வி இல்லை இது. ஹயலுரானிக் அமிலம் நம் எல்லோர் உடம்பிலும் இருக்கிறது. தோலில், மூட்டில், கண்ணுக்குள் இருக்கும் கூழில். 1934இல் கார்ல் மேயரும் ஜான் பால்மரும் அதை முதன்முதலில் பிரித்தெடுத்ததே மாட்டின் கண்ணிலிருந்துதான். பிறகு சேவல் கொண்டையிலிருந்து எடுத்துச் செய்த ஃபில்லரும் விற்பனையில் இருந்தது. இப்போது பரவலாகப் போடப்படும் ஜெல்களுக்கான அமிலத்தைப் பாக்டீரியாவை வளர்த்து எடுக்கிறார்கள். கிட்டத்தட்ட மாவு புளிக்கிற சங்கதிதான், தொழிற்சாலை அளவில்.

ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஏதாவது தப்பானால் ஜெல்லைக் கரைக்க ஹயலுரானிடேஸ் என்ற மருந்து போடுவோம். அதில் பெரும்பகுதி ஆட்டின் அல்லது மாட்டின் விரையிலிருந்து எடுப்பது. அவசரம் வந்தால் அதைப் போட்டே ஆக வேண்டும், அந்த நேரத்தில் சைவம் பார்க்க முடியாது. சம்மதம் இல்லை என்றால் ஃபில்லரே வேண்டாம்.

எத்தனை வகை இருக்கிறது? எது நல்லது?

முதல் வகை ஹயலுரானிக் அமில ஜெல். ரெஸ்டிலேன், ஜூவிடெர்ம் என்று பெயர் கேள்விப்பட்டிருப்பீர்கள். உடம்பில் இயல்பாக இருக்கும் அமிலம் ஓரிரு நாளில் கரைந்து புதிதாக ஊறிக்கொண்டே இருக்கும். அதன் இழைகளை ஒன்றோடொன்று பின்னிக் கட்டினால்தான் மாதக்கணக்கில் நிற்கும். எவ்வளவு இறுக்கமாகப் பின்னுகிறார்கள் என்பதைப் பொறுத்து ஜெல் கெட்டியாகவோ இளக்கமாகவோ வரும். மோவாய்க்கும் கன்ன எலும்பின் மேலும் கெட்டியானது வேண்டும். உதட்டுக்கு இளக்கமானது வேண்டும். கன்னத்துக்கு உரியதை உதட்டில் வைத்தால் கூழாங்கல்லை வாயில் அடக்கினாற்போல இருக்கும்.

இரண்டாவது கால்சியம் ஹைட்ராக்ஸிலாபடைட். எலும்பில் இருக்கும் தாதுவின் நுண்ணிய உருண்டைகள் ஒரு ஜெல்லில் மிதக்கும். ரேடியஸ் என்று விற்கிறது. மூன்றாவது பாலிலாக்டிக் அமிலம். இது நிரப்புவதைவிட, நம் தோலையே கொலாஜன் ஊறவைக்கத் தூண்டுகிறது. பலன் தெரிய மாதங்கள் ஆகும். 2004இல் அமெரிக்காவில் இதற்கு முதல் அனுமதி அழகுக்காகக் கிடைத்ததில்லை. எச்ஐவி இருந்தவர்களுக்கு முகக் கொழுப்பு கரைந்து கன்னம் குழிவிழுந்ததே, அதற்காகத்தான் கிடைத்தது. ஸ்டாவுடின் போன்ற பழைய மாத்திரைகள் அப்படிச் செய்தன. மாத்திரையால் உயிர் தங்கியது, ஆனால் ஊரார் முகத்தைப் பார்த்தே நோயைக் கண்டுபிடித்தார்கள். ஃபில்லர் என்றால் ஆடம்பரம்தான் என்று சொல்பவர்களிடம் நான் இதைச் சொல்வேன்.

எது நல்லது? முதல் தடவை என்றால் என் பதில் எப்போதும் ஹயலுரானிக் அமிலம்தான். பிடிக்கவில்லை என்றாலோ ஆபத்து என்றாலோ கரைத்துவிடலாம். மற்ற இரண்டையும் கரைக்க அப்படியொரு மருந்து கிடையாது. நிரந்தரமாக நிற்கும் ஃபில்லர், திரவ சிலிகான் என்று யாராவது ஆசை காட்டினால் எழுந்து வந்துவிடுங்கள். முகம் வயதோடு மாறும். உள்ளே வைத்தது மாறாது. இருபது வருடம் கழித்தும் கட்டி வந்து நிற்பவர்கள் உண்டு.

என் கன்னம் ஒட்டிப்போச்சு. எத்தனை சிரிஞ்சு வேண்டும்?

சில பேருக்கு ஒன்றுகூட வேண்டாம். செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு வியாபாரம் செய்யும் ஒரு குடும்பத்து அம்மா, அறுபது தாண்டியவர், மகள் கூட்டி வந்தாள். கன்னம் உள்ளே போயிருந்தது. வாயைத் திறக்கச் சொன்னேன். கடைவாய்ப் பற்கள் இரண்டு பக்கமும் இல்லை. பல் இல்லாத கன்னத்தை ஊசியால் நிமிர்த்துவது, தூண் இல்லாத பந்தலுக்குச் சரிகை கட்டுவதுபோல. பல் செட் கட்டிக்கொண்டு மூன்று மாதம் கழித்து வந்தார். ஃபில்லர் பேச்சே எழவில்லை.

நாற்பது வயதுக்காரர் ஆறு மாதத்தில் முகம் வற்றி வந்தால் முதலில் சர்க்கரை, தைராய்டு, சளிப் பரிசோதனை. காசநோயும் முகத்தை இப்படித்தான் ஒட்டவைக்கும். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஓபி சீட்டு போட்டாலே இதெல்லாம் பார்த்துவிடலாம். அந்த ரிப்போர்ட் இல்லாமல் நான் ஊசி எடுப்பதில்லை.

இதெல்லாம் இல்லை, வயதுதான் காரணம் என்றால்: ஒரு சிரிஞ்சில் பெரும்பாலும் 1 மி.லி. இருக்கும். இருமல் டானிக் ஊற்றும் 5 மி.லி. அளவில் ஐந்தில் ஒரு பங்கு. இரண்டு கன்னத்துக்கும் சேர்த்து அது என்ன பெரிய மாற்றத்தைச் செய்துவிடும்? கொஞ்சம் போட்டு, ஒரு மாதம் பார்த்து, தேவைப்பட்டால் இன்னும் கொஞ்சம். ஒரே நாளில் ஐந்தாறு சிரிஞ்சு ஏற்றிக்கொண்டவர்களைப் பக்கத்து வீட்டுக்காரர்கள்கூட அடையாளம் கண்டுவிடுவார்கள்.

கண்ணுக்கடியில் கருவளையம். அதற்குப் போடலாமா?

இங்கே நான் பட்டதையே சொல்கிறேன். தொழில் தொடங்கிய புதிதில் ஒரு கல்லூரி ஆசிரியைக்குக் கண்ணுக்கடியில் போட்டேன். இரண்டு வாரத்தில் அந்த இடம் நீலம் பாய்ந்ததுபோல ஆகிவிட்டது. ஜெல்லைத் தோலுக்கு மிக அருகில் வைத்துவிட்டேன். அங்கே தோல் தாளைப்போல மெல்லியது. அதன் வழியே போகும் வெளிச்சம் ஜெல்லில் பட்டுச் சிதறி நீலமாகத் தெரியும். வானம் நீலமாகத் தெரிவதற்குச் சொல்லும் காரணத்தோடு உறவுடைய சங்கதி. கருப்பை மறைக்க வந்தவருக்கு நீலத்தைக் கொடுத்து அனுப்பினேன். கரைக்கும் மருந்து போட்டுச் சரியானது, ஆனால் அந்த ஒரு மாதம் அவர் மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு வகுப்புக்குப் போனது எனக்கு மறக்காது.

நம் ஊர்ப் பக்கம் கருவளையம் என்று வருபவர்களில் பலருக்குப் பிரச்சினை நிறம்தான். பரம்பரை, ரத்தசோகை, அலர்ஜியால் கண்ணைக் கசக்குவது. இதற்கு ஃபில்லர் ஒன்றும் செய்யாது. கண்ணாடி முன் நின்று, டார்ச்சைத் தலைக்கு மேலே பிடித்து ஒரு தடவை, முகத்துக்கு நேரே பிடித்து ஒரு தடவை பாருங்கள். நேர் வெளிச்சத்தில் கருப்பு காணாமல் போனால் அது குழியின் நிழல், ஃபில்லரைப் பற்றிப் பேசலாம். இரண்டிலும் அப்படியே இருந்தால் நிறம்.

போட்டால் முகம் வெள்ளையாகுமா?

ஆகாது.

ஃபில்லர் போட்டு ஒருத்தருக்குக் கண் போய்விட்டதாமே, உண்மையா?

உலகம் முழுக்க அப்படி நடந்திருக்கிறது. அபூர்வம், ஆனால் நடக்கும். எப்படி என்று புரிந்துகொண்டால்தான் எதைக் கேட்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். அதனால் இந்தப் பதில் நீளம்.

முகத்து ரத்தக் குழாய்கள் ஒன்றோடொன்று கிளை கோத்தவை. மூக்கின் மேல் ஓடும் குழாயும் புருவத்துக்கு நடுவில் ஏறும் குழாயும் கண்ணுக்கு ரத்தம் கொடுக்கும் தமனியோடு தொடர்புள்ளவை. ஊசி முனை தெரியாமல் ஒரு குழாய்க்குள் நுழைந்து, அழுத்தத்தோடு ஜெல் உள்ளே போனால், அது ஓட்டத்துக்கு எதிராகப் பின்னால் தள்ளப்பட்டு, அழுத்தம் விட்டதும் ரத்தத்தோடு முன்னால் பாய்ந்து விழித்திரைக் குழாயை அடைக்கலாம். விழித்திரை ரத்தம் இல்லாமல் ஒரு மணி, ஒன்றரை மணி நேரம்தான் தாங்கும் என்று கணக்கு வைத்துக்கொள்கிறோம். மூக்கு, புருவ நடு, நெற்றி, சிரிப்புக் கோட்டின் மேல் நுனி, இவை நாங்கள் பயந்து பயந்து தொடும் இடங்கள். மூக்கை எடுப்பாக்க நான் ஃபில்லர் போடுவதில்லை. போடும் திறமைசாலிகள் இருக்கிறார்கள். எனக்குத் தூக்கம் முக்கியம்.

கண்ணுக்குப் போகாமல் தோலுக்குப் போகும் குழாய் அடைபடுவதுதான் அதிகம். போட்ட நொடியில் அந்தப் பகுதி சுண்ணாம்பு தேய்த்ததுபோல வெளுக்கும். சில நேரம் தாங்க முடியாத வலி இருக்கும். ஜெல்லிலேயே லிடோகெய்ன் என்ற மரப்பு மருந்து கலந்திருப்பதால் வலியே தெரியாமலும் போகலாம், வலி இல்லை என்று நிம்மதியடைய வேண்டாம். பிறகு வலைபோலத் திட்டுத் திட்டாக நீலம் பாரிக்கும். விரலால் அழுத்தி விட்டுப் பாருங்கள். இரண்டு மூன்று நொடியில் சிவப்பு திரும்ப வேண்டும். திரும்பத் தாமதமானால் ரத்தம் போகவில்லை. இரண்டு மூன்று நாள் கழித்துச் சின்னச் சின்னச் சீழ்ப் பருக்கள் கிளம்பும். பரு என்று நினைத்து மருந்துக் கடையில் களிம்பு வாங்கித் தடவியவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதற்குள் தோல் சாகத் தொடங்கியிருக்கும்.

சிகிச்சை ஒன்றுதான்: அந்த நிமிடமே ஹயலுரானிடேஸ். நூற்றுக்கணக்கான அலகுகளில், நிறம் திரும்பும்வரை மணிக்கொரு தடவை. கூடவே வெந்நீர் ஒத்தடம், மெல்ல நீவிவிடுவது. ஐஸ் வைக்கக் கூடாது, குழாய் இன்னும் சுருங்கும். பார்வை மங்கினால், ஒரு கண் இருண்டால், கண்ணுக்குப் பின்னால் வெட்டுவதுபோல வலித்தால், இமை தொங்கினால், 108ஐ அழைத்துக் கண் மருத்துவர் இருக்கும் பெரிய மருத்துவமனைக்கு ஓட வேண்டும். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்ற பேச்சே கூடாது.

ஹயலுரானிடேஸ் அரிய மருந்து இல்லை. கண்புரை ஆபரேஷனுக்கு மரப்பு ஊசி போடும்போது கண் மருத்துவர்கள் காலங்காலமாகச் சேர்த்துக்கொள்வது. விலையும் ஃபில்லரோடு ஒப்பிட்டால் சொற்பம். அதைக்கூட வாங்கி வைக்காமல் ஃபில்லர் போடும் இடத்தில் உங்களுக்கு வேலையில்லை.

ஏற்காட்டில் ரிசார்ட்டில் தங்கிக்கொண்டே ஊசி போட்டுக்கொள்ளும் பேக்கேஜ் இருக்காம். போகலாமா?

ஒருத்தர் கேட்டது இது. அப்படி ஒன்று நடக்கிறதா என்று நான் விசாரிக்கவில்லை. நடந்தாலும் போக வேண்டாம். மேலே சொன்ன கணக்கைப் பாருங்கள். ஏற்காட்டிலிருந்து சேலம் முப்பது கிலோமீட்டர் சொச்சம், 20 கொண்டை ஊசி வளைவு. சாதாரண நாளிலேயே இறங்க ஒரு மணி நேரம் பிடிக்கும். மே மாதக் கோடை விழாவில் வண்டிகள் நகராது. குப்பனூர் வழியாக இறங்கினாலும் மலைப்பாதை மலைப்பாதைதான். விழித்திரைக்கு உள்ள ஒன்றரை மணி நேரத்தை வளைவுகளிலேயே தொலைத்துவிடுவீர்கள்.

ஊசியைச் சேலத்தில் போட்டுக்கொண்டு, இரண்டு மூன்று நாள் கழித்து மலைக்குப் போங்கள். அப்போதும் ஒரு எச்சரிக்கை: குளிருகிறது என்று சன்ஸ்கிரீனை விட்டுவிடுவார்கள். உயரம் ஆயிரம் மீட்டர் கூடினால் புற ஊதாக் கதிர் ஏறக்குறைய பத்து சதவீதம் கூடும். ஊசி குத்திய புள்ளிகள் நம் மாநிறத் தோலில் கருத்துப்போக இது போதும். படகில் ஏறும் முன் தடவிக்கொள்ளுங்கள்.

தேனீ கொட்டினால் எனக்கு உடம்பெல்லாம் வீங்கும். அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு, எங்களிடம் சொல்லியே ஆக வேண்டும். தேனீ விஷத்திலும் ஹயலுரானிடேஸ் இருக்கிறது. தேனீக் கொட்டுக்கு மூச்சு முட்டிய அளவுக்கு அலர்ஜி கண்டவர்களுக்குக் கரைக்கும் மருந்தும் அலர்ஜி கொடுக்கலாம். காபித் தோட்டத்தில் வேலை பார்த்து வளர்ந்தவர்களிடம் நான் இதைத் தவறாமல் கேட்பேன், மலையில் கொட்டு வாங்காதவர்கள் குறைவு. அப்படிப்பட்டவர்களுக்கு அழகுக்காக ஃபில்லர் வேண்டாம் என்பது என் கட்சி. கரைக்கும் மருந்தைத் தயங்காமல் போட முடியாத முகத்தில் ஜெல்லை எதற்கு வைப்பது?

நல்ல டாக்டர் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

சுவரில் தொங்கும் சான்றிதழ்களை எண்ணாதீர்கள். இரண்டு நாள் பயிற்சிக்கும் சட்டம் போட்ட சான்றிதழ் கிடைக்கும். மருந்துச் சீட்டில் பதிவு எண் இருக்க வேண்டும், அதைத் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலின் இணையப் பட்டியலில் தேடலாம். தோல் மருத்துவத்தில் எம்.டி., டி.என்.பி., அல்லது பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சிஎச். படித்தவர்களுக்கு இந்த உடற்கூறு பாடத்திலேயே வரும்.

பிறகு மூன்று கேள்வி கேளுங்கள். "கரைக்கும் மருந்து இங்கே இருக்கிறதா? எடுத்துக் காட்டுங்கள்." "ராத்திரி பதினோரு மணிக்கு முகம் வெளுத்தால் யாருக்குப் போன் செய்வது?" "எந்தக் கம்பெனி ஜெல்? டப்பாவை என் முன்னால் பிரியுங்கள்." இதற்கு முகம் சுளிக்கும் டாக்டரிடமிருந்து செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடலாம். முன்–பின் படங்களைக் காட்டி மயக்குவதைவிட, "உங்களுக்கு இது வேண்டாம்" என்று ஒருமுறையாவது சொல்கிறவர் மேல் எனக்கு நம்பிக்கை அதிகம்.

இந்தியாவில் ஃபில்லர் மருத்துவக் கருவி என்ற வகைக்குள் வருகிறது. 2017ஆம் ஆண்டு மருத்துவக் கருவி விதிகள் அதற்குப் பொருந்தும். டப்பாவில் இறக்குமதி உரிம எண், தொகுதி எண், காலாவதித் தேதி எல்லாம் இருக்கும். உள்ளே கழற்றி ஒட்டும் ஸ்டிக்கர் இருக்கும். ஒன்றை உங்கள் கோப்பில் ஒட்டி வாங்கிக்கொள்ளுங்கள். ஐந்து வருடம் கழித்து வேறு ஊரில் வேறு டாக்டர், "உள்ளே என்ன இருக்கிறது?" என்று கேட்கும்போது அந்தச் சின்ன ஸ்டிக்கர்தான் பதில்.

நானும் தங்கச்சியும் ஒரே சிரிஞ்சைப் பாதி பாதி போட்டுக்கொண்டால் காசு மிச்சம்தானே?

கூடவே கூடாது. ஊசியை மாற்றினாலும் சிரிஞ்சுக்குள் ரத்தத் துளி பின்வாங்கியிருக்கும். மஞ்சள் காமாலையின் பி, சி வகைகள், எச்ஐவி எல்லாம் அக்கா தங்கை பார்ப்பதில்லை. மீதியை ஃபிரிட்ஜில் வைத்து அடுத்த மாதம் உங்களுக்கே போடுவதும் தப்பு. திறந்த சிரிஞ்சில் கிருமி ஏறும். மிஞ்சியதைக் குப்பையில் போட எனக்கும் மனசு வலிக்கிறது. போடத்தான் வேண்டும்.

பார்லரில் ஊசியே இல்லாமல் பேனா மாதிரி ஒன்றை வைத்து உதட்டுக்கு ஏற்றுகிறார்களே?

ஹயலுரான் பேனா. அழுத்தக் காற்றால் ஜெல்லைத் தோலுக்குள் பீய்ச்சும். எவ்வளவு ஆழம், எந்தக் குழாய் பக்கம் என்று யாருக்கும் கட்டுப்பாடு இல்லை. 2021இல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. இவற்றுக்கு எதிராக வெளிப்படையாக எச்சரித்தது. புருவம் திருத்தவும் மருதாணி போடவும் பார்லருக்குப் போங்கள், கைத்தொழில்காரர்கள் அவர்கள். தோலைத் தாண்டி எது உள்ளே போனாலும் அது பார்லர் வேலை இல்லை.

சரி, இப்போதாவது விலையைச் சொல்லுங்கள்.

ஹயலுரானிக் அமில ஜெல்லில் நல்ல கம்பெனிப் பொருள் 1 மி.லி. போட்டுக்கொள்ள, ரூபாயில் ஐந்து இலக்கம் ஆகும். மருத்துவ சேவைக்கு உள்ள ஜிஎஸ்டி விலக்கு அழகு சிகிச்சைக்குக் கிடையாது, காப்பீடும் தராது. பாதி விலை என்று யாராவது சொன்னால், மாம்பழ சீசனில் மல்கோவாவைப் பாதி விலைக்குக் கொடுப்பவனைப் பார்த்து என்ன கேட்பீர்களோ அதையே கேளுங்கள். தவணையில் கட்டும்படி இருந்தால் வேண்டாம் என்பது என் சொந்த அபிப்பிராயம். கரைந்துபோகிற பொருளுக்குக் கடன் எதற்கு.

மகளுக்கு ஆவணியில் கல்யாணம். எப்போது போட்டால் சரியாக இருக்கும்?

வீக்கம் முதல் இரண்டு நாள் ஏறும், பிறகு வடியும். ரத்தக்கட்டு விழுந்தால் மறைய ஒன்றிரண்டு வாரம். ஜெல் படிந்து உண்மையான உருவம் தெரிய ஏறக்குறைய ஒரு மாதம். திருத்தம் செய்யவும் நாள் வேண்டும். ஆகவே முகூர்த்தத்துக்கு ஆறு வாரத்துக்குக் குறையாமல் முன்னால். ஆவணி என்றால் ஆனிக் கடைசியிலோ ஆடி முதல் வாரத்திலோ. கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவுக்குப் பொங்கல் வைக்கப் போகிறவர்கள் அதையும் கணக்கில் எடுங்கள். போட்ட முதல் இரண்டு நாள் அடுப்பு அனலில் மணிக்கணக்காக நிற்க வேண்டாம்.

நிச்சயதார்த்தத்துக்கு முந்தின நாள் உதட்டுக்குப் போடச் சொல்லி ஒரு அம்மா மகளை இழுத்து வந்தார். மகள் என்னைப் பார்த்த பார்வையில் அவளுக்கு இஷ்டமில்லை என்று தெரிந்தது. அம்மாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுக் கேட்டேன். "வேண்டாம் டாக்டர், நீங்களே அம்மாகிட்ட சொல்லிடுங்க" என்றாள். உதட்டோரம் அக்கி வந்த தடம் இருக்கிறது, போட்டால் கிளம்பிவிடும் என்று சொன்னேன். தடம் உண்மையாகவே இருந்தது, பொய் சொல்லவில்லை.

நான் எந்த மாத்திரையை நிறுத்த வேண்டும்?

நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம். வலிக்கு வாங்கும் ஐபுபுரூஃபன், மீன் எண்ணெய், வைட்டமின் ஈ மாத்திரைகள் ரத்தக்கட்டைக் கூட்டும். அவற்றை ஒரு வாரம் முன்பே விடலாம். ஆனால் இதயத்துக்கோ பக்கவாதத்துக்கோ ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல், வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் இதய மருத்துவரைக் கேட்காமல் ஒரு வேளைகூடத் தவறவிடக் கூடாது. கன்னத்தில் நீலம் விழுந்தால் பவுடர் போட்டுக்கொள்ளலாம்.

கர்ப்பிணிகளுக்கும் பால் கொடுப்பவர்களுக்கும் போடுவதில்லை. முகத்தில் சீழ்க்கட்டி, பல்லில் சொத்தையும் வீக்கமும் இருந்தால் முதலில் அது ஆற வேண்டும். பல் வேலை இருந்தால் இரண்டு வாரம் இடைவெளி விடுங்கள். வாய்க் கிருமி ரத்தத்தில் ஏறி ஜெல்லில் போய்க் குடியேறும்.

வலிக்குமா?

மரப்புக் களிம்பு தடவி அரை மணி உட்கார வைப்போம். அதற்கு மேல் எறும்புக் கடி. உதடு மட்டும் கொஞ்சம் அதிகம்.

எவ்வளவு நாள் நிற்கும்? விட்டுவிட்டால் முகம் முன்னைவிடத் தொங்கிப்போகுமா?

உதடு ஓயாமல் ஆடும் இடம், ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம். கன்னம், மோவாயில் ஒரு வருடத்துக்கு மேலும் நிற்கும். ஸ்கேனில் பார்த்தால் அதைவிட நீண்ட காலம் மிச்சம் இருப்பதும் தெரிகிறது. அதனால்தான் "ஆறு மாதம் ஆயிற்று, திரும்பப் போடுங்கள்" என்று நாட்காட்டி பார்த்து வருபவர்களை நான் திருப்பி அனுப்புகிறேன்.

நிறுத்தினால் பழைய முகத்துக்குத் திரும்புவீர்கள், கூடவே அந்த ஒரு வருட வயதும் ஏறியிருக்கும். தொங்கிவிட்டதாகத் தோன்றுவது கண்ணின் பழக்கம். நிரம்பிய முகத்தைத் தினமும் பார்த்த கண்ணுக்குப் பழையது வற்றலாகத் தெரியும். போடும் அன்றே ஒரு படம் எடுத்து உங்கள் போனிலும் வைத்துக்கொள்ளுங்கள்.

தோடு போட்டுப் போட்டுக் காது ஓட்டை நீண்டுவிட்டது. அதற்கு ஏதாவது?

எனக்குப் பிடித்த கேள்வி. முகத்துக்கு ஃபில்லர் கேட்டு வருபவர்களைவிட இவர்கள் திருப்தியாகப் போவார்கள். ஜிமிக்கி, மாட்டல், கனத்த தோடு என்று நாற்பது வருடம் இழுத்த காது மடல் வற்றி, தோடு முன்பக்கம் கவிழ்ந்து தொங்கும். மடலில் கொஞ்சம் ஜெல் வைத்தால் சதை நிமிர்ந்து தோடு நேராக நிற்கும். ஆனால் ஓட்டை கீழே வரை கிழிந்திருந்தால் ஜெல் உதவாது. ஓரங்களைச் சீவித் தைக்க வேண்டும். ஒரு மாதம் பொறுத்துப் பக்கத்தில் புதுசாகக் குத்திக்கொள்ளலாம். கிழியும் நிலையில் இருப்பதில் ஜெல் வைத்துக் காசு வாங்குவது நியாயமில்லை.

வீட்டுக்குப் போனதும் என்ன செய்யக் கூடாது?

தேய்க்காதீர்கள், நீவாதீர்கள். முகத்தை அழுத்திக் குப்புறப் படுக்காதீர்கள். இரண்டு நாள் ஜிம், ஆவி பிடிப்பது, ஃபேஷியல், மது எதுவும் வேண்டாம். வெள்ளிப் பட்டறையில் ஊதுகுழல் பிடித்துப் பற்றவைக்கும் தொழில் செய்பவர் ஒருவர் மோவாய்த் தழும்புக்குப் போட்டுக்கொண்டு மத்தியானமே பட்டறைக்குப் போய், மறுநாள் இட்லிபோல வீங்கி வந்தார். ஆபத்து ஒன்றும் இல்லை, வடிந்துவிட்டது. அனல் வேலைக்காரர்கள் வாரக் கடைசியில் வாருங்கள்.

சாதாரண வீக்கம் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும், மெத்தென்று இருக்கும், நாளுக்கு நாள் குறையும். ஒரு பக்கம் மட்டும் கூடிக்கொண்டே போனால், சூடாக இருந்தால், காய்ச்சல் வந்தால் போன் செய்யுங்கள்.

எட்டு மாதம் கழித்துத் திடீரென்று கட்டி வந்திருக்கிறது. போட்டவர் ஊரிலேயே இல்லை.

தாமதமாக வரும் கட்டிகள் உண்டு. சளிக் காய்ச்சல், பல் தொற்று, தடுப்பூசிக்குப் பிறகு உடம்பின் எதிர்ப்பு சக்தி விழித்துக்கொண்டு ஜெல்லைச் சுற்றி வீங்குவதும் உண்டு. என்ன போட்டது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. அந்த ஸ்டிக்கரைப் பற்றி ஏன் அவ்வளவு பேசினேன் என்று இப்போது தெரிகிறதா? நீங்களே பிதுக்கவோ ஊசி குத்தவோ வேண்டாம்.

கவனக்குறைவால் கெட்டது என்று தோன்றினால் கோப்பு, ரசீது, தேதியோடு எடுத்த படங்களை வைத்துக்கொண்டு, இரண்டு வருடத்துக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். மருத்துவர் மேல் புகார் என்றால் மருத்துவக் கவுன்சில். ரசீது தராத இடத்தில் ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கு இரண்டு வழியும் கஷ்டம்.

போட்டுக்கொண்டு போகிற வழியில் தட்டுவடை செட் சாப்பிடலாமா?

கன்னத்துக்குப் போட்டிருந்தால் தாராளமாக. உதட்டுக்கு என்றால் மரப்பு இறங்கும் வரை பொறுங்கள். எது தட்டுவடை, எது உதடு என்று தெரியாமல் கடித்து ரத்தத்தோடு திரும்பி வந்தவர் இருக்கிறார். கார சட்னியை அன்றைக்கு மட்டும் குறைத்து வைக்கச் சொல்லுங்கள்.